பிக்கப்புக்கு ஃபாக் லைட் நானே மாட்டலாமா? ரிலேயில் எந்த வயர் எங்கே போகும்?

கேத்தி லோடு:

வணக்கம். மாமாவின் பொலேரோ பிக்கப்புக்கு ஃபாக் லைட் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன். கேத்தியில் கேரட் ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவோம். குன்னூர் தாண்டி இறக்கத்தில் மிஸ்ட் இறங்கிவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம் அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கிறது, நான் ஜன்னலில் தலையை நீட்டி ஓரக்கோட்டைப் பார்த்து மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை வருவதற்குள் மாட்டிவிட வேண்டும்.

வயரிங் வேலை இதுவரை தொட்டதில்லை. விளக்கோடு ரிலே, சுவிட்ச், ஃப்யூஸ் ஹோல்டர், கொஞ்சம் வயர் வந்தது. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கின்றன, எது எதற்கு என்று புரியவில்லை. ரிலேயே வேண்டாம், ஹெட்லைட் வயரில் இருந்து இழுத்துவிடு என்கிறான் ஒரு நண்பன். அப்படிச் செய்யலாமா? மஞ்சள் பல்ப் நல்லதா, வெள்ளையா?

குன்னூர் எலக்ட்ரிக்கல்:

ஹெட்லைட் வயரில் கை வைக்காதீர்கள் தம்பி. 55 வாட்டை 12-ஆல் வகுத்தால் ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 4.6 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 9-க்கு மேல். கம்பெனி அந்த வயரையும் சுவிட்சையும் ஹெட்லைட்டுக்கு அளந்துதான் போட்டிருக்கிறது. அதிலேயே இன்னும் ஒன்பது ஆம்பியர் இழுத்தால் முதலில் வெளிச்சம் மங்கும், அப்புறம் சுவிட்ச் சூடாகும், ஒரு நாள் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வரும். மலை இறக்கத்தில் நடுராத்திரி ஹெட்லைட்டும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிலே ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் இரண்டு முனைகள். சுவிட்சைப் போட்டால் அதில் மிகச் சின்ன கரண்ட் ஓடும், சுருள் காந்தமாகி உள்ளே ஒரு தகட்டை இழுக்கும், 30-உம் 87-உம் சேர்ந்துகொள்ளும். விளக்குக்குப் போகிற பெரிய கரண்ட் அந்த வழியாகத்தான். உங்கள் சுவிட்ச் வரை அது வரவே வராது.

ஆகவே பேட்டரி பாசிட்டிவில் இருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-இல் இருந்து இரண்டு விளக்குக்கும், 85 பாடி எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் வண்டியின் இரும்பு உடம்புக்கு, 86 சுவிட்சுக்கு. 30, 87 வயர்கள் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். கிட்டில் வந்த வயர் அதைவிட மெல்லியதாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் ஆட்டோ வயர் வாங்குங்கள். சுவிட்ச் பக்கம் 0.75 போதும். ரிலேயில் ஐந்தாவது பின் 87a என்று இருந்தால் அதில் எதையும் மாட்ட வேண்டாம். ரிலேயின் மேலேயே டயோடு (ஒரே திசையில் மட்டும் கரண்டை விடும் பாகம்) குறி போட்டிருந்தால் மட்டும் 85, 86-ஐ மாற்றிக் கொடுக்கக் கூடாது.

ஃப்யூஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும், ஏனென்றால் ஃப்யூஸ் காப்பாற்றுவது அதற்கு அப்பால் இருக்கும் வயரைத்தான். விளக்குப் பக்கத்தில் ஃப்யூஸை வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டாலும் அதற்குத் தெரியாது, வயர்தான் எரியும். 15 போனால் 30 போடுகிற பழக்கமும் வேண்டாம்.

சுவிட்சுக்கு வரும் கரண்டைப் பார்க் லைட் வயரில் இருந்து எடுங்கள். சுருளுக்குத் தேவையானது கொஞ்சம்தான், அந்த வயருக்குச் சுமை இல்லை. மாமா பார்க் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணைந்துவிடும், மண்டியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினால் பேட்டரி இறங்காது.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாட்டுங்கள். கேபினுக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் கிராமெட், அதாவது வயர் தகட்டில் உரசாமல் காக்கும் வளையம், இல்லாமல் விடாதீர்கள். ஜாயிண்டை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர் ஈரத்தில் பச்சை பிடித்துவிடும், லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) வைத்து, அதை க்ரிம்ப் செய்து, அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்கி, மேலே ஹீட் ஷ்ரிங்க் சிலீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். ரிலேயை அதன் பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால் உள்ளே தண்ணீர் நிற்காது.

பெருமாள்மலை டிரைவர்:

வயரிங் அண்ணன் சொன்னபடியே செய்யுங்கள். நான் வத்தலகுண்டு – கொடைக்கானல் ரோட்டில் லோடு ஓட்டுகிறவன், விளக்கை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் நல்ல விளக்கு வாங்கி அதை மரத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

பம்பரில் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே மாட்டுங்கள், கல் அடிக்காத இடமாக. கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உயர வித்தியாசம் இருந்தால்தான் மிஸ்டில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் குறையும். கேபின் மேல் எல்ஈடி பார் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அவர்களுக்கும் தெரியாது, எதிரில் ஏறி வருகிறவனுக்கும் தெரியாது. மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அவன் கண்ணைக் குருடாக்கிவிட்டு எங்கே ஒதுங்கச் சொல்வது?

மட்டமான தரையில் சுவருக்கு 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் கோடாகப் போட்டு, அதற்கு 4 அங்குலம் கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழும்படி திருப்புங்கள். இதை லோடு ஏற்றிய பிறகு செய்யுங்கள், அதுதான் முக்கியம். பின்னால் கேரட் மூட்டை ஏறியதும் ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டியின் மூக்கு தூக்கும், காலி வண்டியில் சரியாக இருந்த விளக்கு அப்போது எதிராளி முகத்துக்குப் போய்விடும்.

மஞ்சளா வெள்ளையா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். மிஸ்டில் இருக்கும் நீர்த்துளி ஒளி அலையை விடப் பல மடங்கு பெரிது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூச்சம் குறைவாகத் தெரிகிறது, அதனால் எனக்கு மஞ்சள் பிடிக்கும். நீலம் கலந்த பல்ப் மட்டும் வேண்டாம். மிஸ்டில் ஹை பீம் போடாதீர்கள், டிப்பும் (தாழ்ந்த ஹெட்லைட் வெளிச்சம்) ஃபாக் லைட்டும் போதும். ஓடுகிற வண்டியில் ஹசார்டு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டால் இண்டிகேட்டர் தெரியாது, கொண்டை ஊசி வளைவில் பின்னால் வருகிறவன் திணறுவான். டெயில் லைட்டைத் துடைத்து வைத்தாலே போதும்.

கேத்தி லோடு:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். 2.5 வயர் வாங்கி மாட்டிவிட்டேன். சுவிட்ச் போட்டால் ரிலே டிக் என்கிறது, வலது விளக்கு நன்றாக எரிகிறது, இடது மட்டும் மங்கலாக இருக்கிறது. பல்பை மாற்றிப் போட்டும் அப்படியேதான். ரிலே கோளாறா?

குன்னூர் எலக்ட்ரிக்கல்:

ரிலே இல்லை தம்பி, இரண்டுக்கும் ஒரே 87-தானே, அது சரியில்லை என்றால் இரண்டும் மங்கும். இடது விளக்கின் எர்த்தைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவில் இருந்து ஒரு தனி வயர் எடுத்து அந்த விளக்கின் எர்த் வயரில் தொட்டுப் பாருங்கள், பளிச்சென்று எரிந்தால் பெயிண்ட் மேல் போல்ட் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே உப்புத்தாள் போட்டுத் தகடு மின்னும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அப்படியும் மங்கலாகவே இருந்தால் 87-இல் இருந்து இடது பக்கம் போகிற ஜாயிண்டைத் திறந்து க்ரிம்ப்பை இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும்.

கேத்தி லோடு:

எர்த்தேதான் அண்ணா. பம்பர் பிராக்கெட்டில் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தது. சுரண்டிப் போட்டதும் இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. இன்று சாயந்திரம் லோடு ஏறியதும் கேரட் கழுவும் இடத்துச் சுவரில் கோடு போட்டு அளக்கப் போகிறேன்.