கோல்ட் ஃபிஷ் ஒன்றுக்குச் செவுளில் வெள்ளைப் புள்ளி, இன்னொன்றுக்கு வால் கிழிந்து செதில் போயிருக்கு. எந்த மருந்து போடுவது?

கல்லடி அம்மா (ஞாயிறு இரவு 8.40)

வணக்கம், அவசரம். வீட்டில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி. நாலு கோல்ட் ஃபிஷ். ஒன்றரை வருடமாக வளர்க்கிறோம், இதுவரை ஒரு நோயும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீரை முழுக்க இறைத்து, கல்லையும் பில்டர் ஸ்பொஞ்சையும் பைப்பில் பிழிந்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். அன்றைக்கு நல்ல மழை, தண்ணீர் சில்லென்று இருந்தது.

சனி விடியப் பார்த்தால் சிவப்பு மீனின் செவுளில் ரவை ஒட்டினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெரிய மஞ்சள் மீனுக்கு வால் கிழிந்து, வயிற்றோரம் நாலைந்து செதிலைக் காணவில்லை, அந்த இடம் சிவந்தும் இருக்கு. மீன் வாங்கிய கடையில் கேட்டேன். வெள்ளைப் புள்ளி நோய் என்று மெதிலீன் புளூ தந்தார்கள். நேற்று ஒரு மூடி ஊற்றினேன், குறையாததால் இன்றைக்கு இன்னொரு மூடி. இப்போது தொட்டி முழுக்க நீலம். நாலு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மகன் படுக்கமாட்டேன் என்று தொட்டிக்கு முன்னாலேயே இருக்கிறான்.

சம்மாந்துறை மொலிக்காரன்

வெள்ளைப் புள்ளிதான் தங்கச்சி. போன மாரியில் என் மொலி மீன்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஹீட்டர் போட்டு 30 பாகைக்கு ஏற்றுங்கள், தொட்டியில் கல்லுப்பு ஒரு கைப்பிடி போடுங்கள். பத்து நாளில் சரியாகிவிடும்.

ஏறாவூர்

காயத்துக்கு மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் பாமசியில் டெட்ராசைக்கிளின் கப்சூல் வாங்கி உடைத்துப் போடலாம், என் மச்சான் அப்படித்தான் செய்கிறவர்.

வாழைச்சேனை பழைய தொட்டி

பதறாதேகா தங்கச்சி. கப்சூல், மஞ்சள், ஹீட்டர் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே எடுத்துவிட்டு, வாளியில் பிடித்து வைத்த பழைய தண்ணீர் இருந்தால் அதை மெதுவாக ஊற்றுங்கள். ஏர் பம்பைக் கூட்டிவிடுங்கள். இரவில் கரண்ட் போனால் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

பிறகு இதற்குப் பதில் சொல்லுங்கள். புள்ளி சரியாக எந்த இடத்தில்? வாலில், முதுகில் உண்டா? சிவப்பு மீன் சாப்பிடுகிறதா? நிரப்பியது பைப் தண்ணீரா, கிணத்துத் தண்ணீரா?

கல்லடி அம்மா

குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீர் இரண்டு வாளி இருந்தது, ஊற்றிவிட்டேன். தொட்டிக்கு நிரப்பியது நேரே பைப் தண்ணீர். புள்ளி செவுள் மூடி இரண்டிலும், பக்கத்துச் செட்டையின் முன் ஓரத்திலும் மட்டும்தான், வரிசையாகக் குத்தி வைத்தது போல. வாலில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு முதல் ஆளே அதுதான். சனி விடிய மஞ்சள் மீனைத் துரத்தித் துரத்தி வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது, சண்டை என்று நினைத்தோம்.

இன்னொன்று, பிளாஸ்டிக் செடியில் ஜவ்வரிசியை விடச் சின்னதாகக் கண்ணாடி மணி போல நிறைய ஒட்டியிருக்கு. நத்தை முட்டையா? எங்களிடம் நத்தை இல்லையே.

வாழைச்சேனை பழைய தொட்டி

நத்தை முட்டை இல்லை. உங்கள் மஞ்சள் மீன் இட்ட முட்டை!

அந்தப் புள்ளியும் நோய் இல்லை. ஆண் கோல்ட் ஃபிஷ் வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமானால் செவுள் மூடியிலும் பக்கத்துச் செட்டையின் முன் முள்ளிலும் இப்படி வெள்ளைப் பரு வரும். எனக்கும் முதல்தரம் வந்தபோது மருந்து ஊற்றி ஒரு நல்ல ஆணைச் சாகடித்தேன், அதனால்தான் இடத்தைக் கேட்டேன். நோய்ப் புள்ளி வரிசை பார்க்காது. உடம்பு, வால், செட்டை என்று கண்டபடி உப்புத் தூவின மாதிரி வரும். மீன் செட்டையை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உரசும், சாப்பாட்டை விடும். இன்னொரு வித்தியாசம், அது ஒரு ஒட்டுண்ணி. நம் வெயிலில் சில நாளில் புள்ளி தானாக உதிர்ந்து, தண்ணீரில் பெருகி, திரும்ப எல்லா மீனிலும் ஏறும். மீனில் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது, தண்ணீரில் நீந்துகிற நேரம்தான் சாகும். அதனால்தான் உண்மையில் அந்த நோய் வந்தால் மருந்தை நாட்கணக்கில் தொடர வேண்டியிருக்கு.

நீங்கள் சில்லென்ற புதுத் தண்ணீர் நிரப்பியதை மீன்கள் மழை வந்துவிட்டது என்று எடுத்திருக்கின்றன. ஆண் விடியவிடியத் துரத்தும், பெண்ணின் வயிற்றில் முட்டும். ஓரடி அகலத் தொட்டியில் அந்தப் பிள்ளை எங்கே ஓடி ஒளியும்? வாலும் செதிலும் அப்படிப் போனதுதான்.

நாலும் மேலே வந்து வாய் திறப்பதுதான் பெரிய விஷயம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் பைப்பில் அனுப்புகிறார்கள். குளோரின் செவுளைச் சுடும். மீன் கழிக்கிற அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியா ஸ்பொஞ்சில்தான் குடியிருந்தது, பைப்பில் பிழிந்தபோது அதில் பெரும்பங்கு போயிருக்கும். மிச்சத்துக்கு மெதிலீன் புளூவும் நல்லதில்லை, அதை இரண்டு தரம் வேறு ஊற்றியிருக்கிறீர்கள். உங்கள் தொட்டியில் கல் போக 45 லீற்றர் வரும். அதற்குள் நாலு பெரிய மீனின் கழிவு அப்படியே நிற்கிறது.

இனி நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், ஒரு கிழமைக்கு. முதல்நாளே வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்ட தண்ணீராக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் சாப்பாடு வேண்டாம், கோல்ட் ஃபிஷ் தாங்கும். இனிமேல் ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

சம்மாந்துறை மொலிக்காரன்

அப்போ ஹீட்டரை விடுங்கள், வெந்நீரில் ஒட்சிசன் இன்னும் குறையும். நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் உப்பு, காயம்பட்ட மீனுக்கு உதவும்தானே அண்ணன்?

வாழைச்சேனை பழைய தொட்டி

உதவும், கைப்பிடிக் கணக்கில் இல்லை. பெரிய பேசினில் தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீருமாக 20 லீற்றர் எடுத்து, மஞ்சள் மீனை மட்டும் அதில் விடுங்கள். லீற்றருக்கு 2 கிராம், ஆக 40 கிராம் கல்லுப்பு. தராசில் நிறுத்து, தனியாகக் கரைத்து, பாதி இன்றைக்கு, மீதி நாளைக்கு. பேசினுக்கும் ஏர் வேண்டும், தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், எடுத்த அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். வலையால் பிடித்தால் கிழிந்த வால் இன்னும் சிக்கும், ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

மஞ்சள் பூசச் சொன்ன தம்பிக்கு: பூசுவதற்கு மீனைத் துடைக்க வேண்டும், அப்போது உடம்பில் இருக்கிற வழுவழுப்பும் போய்விடும். கிருமியைத் தடுக்கிற முதல் வேலி அதுதான்.

காயத்தில் பஞ்சு போல வளர்ந்தாலோ, சிவப்பு குழியாக இறங்கினாலோ, செதில் அன்னாசித் தோல் மாதிரி நிமிர்ந்து நின்றாலோ உடனே எழுதுங்கள். அது வேறு கதை.

ஏறாவூர்

சரி அண்ணன், மச்சானுக்கும் சொல்கிறேன். முட்டை என்னாகும்?

வாழைச்சேனை பழைய தொட்டி

தொட்டியில் விட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். செடியோடு தூக்கி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். வெள்ளையாகிப் போனவை கருக்கட்டாதவை, அவற்றில் பூஞ்சணம் பிடித்து மற்றதற்கும் பரவும். அதைத் தடுக்க மெதிலீன் புளூ ஒரு துளி விடலாம். கடைக்காரர் தந்த மருந்து கடைசியில் ஒரு வேலைக்கு ஆகிறது.

கல்லடி அம்மா (புதன் இரவு)

மன்னிக்கவும், உடனே எழுத முடியவில்லை. தொட்டி மீன்கள் திங்கள் பின்னேரமே கீழே இறங்கிவிட்டன. மஞ்சள் மீனின் காயம் சிவப்பு மாறி வெளுத்து வருகிறது. கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிசாக ஏதோ தெரிகிறது, அது நோயா?

செடியை அன்று இரவே பாத்திரத்தில் வைத்தோம். செவ்வாய் காலை முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண். இன்று மத்தியானம் பார்த்தால் பாத்திரத்துச் சுவரில் நூல் துண்டு போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதுகளுக்கு என்ன கொடுப்பது?

வாழைச்சேனை பழைய தொட்டி

வாலில் தெரிவது புதிதாக வளருகிற செட்டை, தொடாதீர்கள். குஞ்சுகளுக்கு இரண்டு நாளைக்கு ஒன்றும் வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கு. சுவரை விட்டு நீந்தத் தொடங்கினால் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, தண்ணீரில் ஒரு தரம் பிழியுங்கள், மங்கலாகிற அளவுக்கு மட்டும். கூடினால் தண்ணீர் நாறும். எத்தனை இருக்கு?

கல்லடி அம்மா

மகன் எண்ணினால் 17, நான் எண்ணினால் 14. இன்றைக்கும் அவன் படுக்கிற மாதிரி இல்லை.