எடின்பரோ பத்துக் கேள்வி: தமிழில் எந்த மார்க்குக்கு மேல் கவலைப்படணும்?

மொழிக்கிறுக்கன்:
பிரசவமான பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி மூவரும் 1987-இல் வெளியிட்டது. கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. ஒரு தன்னார்வக் குழு தாங்களே இதைத் தமிழாக்கி, என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். ஆறாவது கேள்வி: ‘பொருள்கள் என் மேல் ஏறிக்கொண்டே வருகின்றன.’ மூலத்தில் அது ‘சமாளிக்க முடியாமல் திணறுகிறேன்’ என்ற பொருளில் வரும் ஆங்கில மரபுத்தொடர். ஏன் இப்படி என்று கேட்டேன். “இன்னொருத்தரை வச்சுத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்தோம் சார், மூலத்தோட அச்சு அசலா பொருந்துச்சு” என்றார்கள். பொருந்தாமல் என்ன செய்யும்? சொல்லுக்குச் சொல் போனது சொல்லுக்குச் சொல் திரும்பி வந்திருக்கிறது.

இரவல் கேள்வித்தாளே வேண்டாம் என்பது என் கட்சி. நம் பெண்கள் ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘ஒரே அசதி’ என்பார்கள். அங்கிருந்து தொடங்கி நாமே எழுத வேண்டும்.

எண்சாத்திரம்:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்க. அந்தக் கேள்விக்குக் கீழே இருக்கிற நாலு பதிலும் ‘சமாளிக்க முடியுதா’ன்னுதான் பேசுது, அதைப் பார்த்திருந்தாலே மொழிபெயர்த்தவர் தப்பிச்சிருப்பார்.

வேலூர்ல இதோட தமிழ் வடிவத்தை மருத்துவப் பேட்டியோட, அதாவது நேர்ல கேட்டு நோய் இருக்கான்னு முடிவு பண்ற பேட்டியோட, ஒப்பிட்டுப் பார்த்து 2005-லயே கட்டுரை வந்தாச்சு. பிரிட்டன்ல பொதுவா 12/13 தான் எல்லைக்கோடு. வேலூர்ல கிடைச்சது 8/9. அதாவது 9 வந்தாலே மேல் பரிசோதனைக்கு அனுப்பணும். வாலிடேஷன்னா இதுதான். வாக்கியம் அழகா இருக்கான்னு யாரும் கேட்கல, நோய் இருக்கிறவங்களையும் இல்லாதவங்களையும் பிரிச்சுக் காட்டுதான்னுதான் கேள்வி. தராசு கால் கிலோ குறைச்சுக் காட்டுதுன்னு தெரிஞ்சா கால் கிலோ கூட்டிக் கணக்குப் போட்டுக்க வேண்டியதுதான்.

மொழிக்கிறுக்கன்:
எல்லாருக்கும் ஒரே அளவு குறைத்தால்தான் அந்தக் கணக்கு உதவும். 12 எப்படி 8 ஆனது? அந்த நாலு மார்க் எங்கே போயிற்று? பத்துக் கேள்வியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததா, இல்லை இரண்டு மூன்று கேள்வி தமிழில் ஊமையாகிவிட்டதா? ஊமையானால், தன் கஷ்டத்தை அந்தக் கேள்விகளில் காட்டியிருக்க வேண்டிய பெண் தப்பிப் போவாள், மற்றவள் மாட்டுவாள். கூட்டுத்தொகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் கேள்வியையே எடுங்கள். சிரிக்க முடிகிறதா என்று கேட்கிறது. பச்சை உடம்புக்காரி எவள் ‘எப்பவும் போல சிரிச்சுக்கிட்டு இருக்கேன்’ என்று வாய்விட்டுச் சொல்வாள்? கண் பட்டுவிடும் என்று பெற்ற அம்மாவே வாயைப் பொத்துவாள்.

எண்சாத்திரம்:
அப்படின்னா மார்க் ஏறணுமே சார்! சிரிக்கலன்னு சொன்னாத்தான் மார்க். உங்க உதாரணம் உங்களுக்கு எதிராவே நிக்குது.

பிஜி_இரண்டாமாண்டு:
குறுக்கே வரேன், மன்னிக்கணும். எண்சாத்திரம் சார் சொல்ற மாதிரி மார்க் ஏறின கதை ஜப்பான்ல நடந்திருக்கு. 1977-ல ராட்லாஃப் அமெரிக்காவுல வெளியிட்ட சி.இ.எஸ்-டிங்கிற மனச்சோர்வுக் கேள்வித்தாள்ல 20 வாக்கியம், அதுல நாலு நேர்மறையானது. ‘நானும் மத்தவங்களுக்குச் சளைச்சவன் இல்ல’ங்கிற மாதிரி. ஜப்பான்ல சோர்வே இல்லாதவங்களும் அந்த நாலுக்குத் தயங்கித் தயங்கித்தான் ஆமாம் போட்டாங்க. தன்னைத் தானே புகழ்ந்துக்கிறது அங்க அழகில்ல. அடக்கம் நோய்க்கணக்குல போய்ச் சேர்ந்துடுச்சு.

மொழிக்கிறுக்கன்:
சரி, அந்த இடத்தில் எண்சாத்திரம் ஜெயித்தார். ஆனால் முதல் கேள்வி மார்க்கை ஏற்றியும் எல்லைக்கோடு இறங்கியிருக்கிறது என்றால், மற்ற கேள்விகளில் நாலுக்கும் மேலேயே கரைந்திருக்க வேண்டும். இன்னும் மோசம்!

எண்சாத்திரம்:
கண் படுற பயம் மார்க்கை ஏத்துதுங்கிறது உங்க ஊகம், யாரும் அளந்து சொல்லல. கேள்வி கேள்வியா சோதிக்க வழி இருக்கு. ஒட்டுமொத்தமா ஒரே அளவு சோர்வு இருக்கிற ரெண்டு கூட்டத்தை எடுத்து, குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் விலகுதான்னு பார்க்கிறது. மொழிக்குச் சில நூறு பேர் வேணும், செலவாகும். அதைச் செய்ங்கன்னா நானும் கையெழுத்துப் போடுறேன். தூக்கி எறிங்கன்னா மாட்டேன்.

கிராமநர்ஸ்:
ரெண்டு பேரும் தாளையே பார்த்துட்டு இருக்கீங்க. அதை யாரு படிக்கிறா? தாய் தானே படிச்சு டிக் போடணும்னுதான் அந்தக் கேள்வித்தாளைச் செஞ்சிருக்காங்க. இங்க நான் சத்தமா வாசிப்பேன், அந்தப் பொண்ணு தொட்டிலாட்டிக்கிட்டே பதில் சொல்லும், பக்கத்துல மாமியார் பூண்டு உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. ‘அழுகை வருதாம்மா?’ன்னா, ‘அவளுக்கென்ன குறை?’ன்னு அவங்க பதில் சொல்வாங்க. உங்க நாலு மார்க் போன இடம் எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. ‘அடிக்கடியா, எப்பவாவதா, ரொம்ப அபூர்வமா?’ன்னு நாலு படி வச்சுக் கேட்டா, ‘தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்ன நர்ஸம்மா’ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அதுக்கு 3 போடவா 2 போடவா? நானா 3 போட்டேன்.

பிஜி_இரண்டாமாண்டு:
அக்கா, வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துல செஞ்ச ஆய்வு 2002-ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் புதுசா சோர்வு வந்தவங்க 11 சதவீதம். கூடவே வந்த காரணங்கள்ல வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, கைவேலைக்கு ஆள் இல்லாதது, அப்புறம் மாமியாரோட ஒத்துப்போகாதது. யாரால சோர்வோ அவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது நாம சோர்வை அளக்கிறோம்.

எண்சாத்திரம்:
அக்கா சொல்றது என் வாதத்துலயும் ஓட்டை போடுது, மறைக்கல. 8/9-ங்கிற கோடு ஒரு குறிப்பிட்ட முறையில கேட்டப்போ கிடைச்சது. மாமியார் முன்னாடி கேட்டா அந்தக் கோடு உங்களுக்குப் பொருந்தும்னு நான் உத்தரவாதம் தர முடியாது.

மொழிக்கிறுக்கன்:
ஆகவே, நாமே எழுதுவோம்!

பிஜி_இரண்டாமாண்டு:
ஜிம்பாப்வேல எழுதினாங்க சார். விக்ரம் பட்டேலும் கூட இருந்தவங்களும் 1997-ல வெளியிட்ட, அங்க பேசுற ஷோனா மொழிக் கேள்வித்தாள், 14 கேள்வி. அங்க மக்கள் தங்கள் கஷ்டத்துக்குச் சொல்ற பேர் ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசிக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிச்சாங்க.

எண்சாத்திரம்:
ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதையும் சோதிச்சுத்தான் எல்லைக்கோடு போட்டாங்க. சொந்தத் தராசுன்னாலும் படிக்கல் வேணும். சாரோட ‘ஒரே அசதி’க்கும் வரேன். எடின்பரோக்காரங்க உடம்பு அசதியை வேணும்னேதான் விட்டாங்க. ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுக்கிற எவளுக்கு அசதி இல்ல? அதைச் சேர்த்தா வார்டு முழுக்க நோயாளிதான்.

பிஜி_இரண்டாமாண்டு:
படிக்கல்லுன்னு நீங்க சொல்ற மருத்துவப் பேட்டியும் அங்கிருந்து வந்த வகைப்பாடுதானே? ஒரு பண்பாட்டுல பிறந்த நோய்ப் பெயரை இன்னொண்ணுல தேடினா ஏதாவது கிடைக்கத்தான் செய்யும், அது அங்க உண்மையா பொருந்துதான்னு கேட்கணும்னு மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான கிளைன்மன் 1977-லயே எச்சரிச்சிருக்கார்.

எண்சாத்திரம்:
சரி தம்பி, வேற எதோட ஒப்பிட? ஒரு பேர் சொல்லுங்க, செஞ்சு பார்ப்போம்.

கிராமநர்ஸ்:
சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம். இன்னிக்கு ஒரு பொண்ணு, மாமியாரை மாத்திரை வாங்கிட்டு வர அனுப்பிட்டுத்தான் கேட்டேன். மொத்தமே 6. உங்க 9-க்குக் கீழ. ஆனா பத்தாவது கேள்வி இருக்குல்ல, தன்னையே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதான்னு? அதுக்கு ‘எப்பவாவது’ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

எண்சாத்திரம்:
அக்கா, கூட்டுத்தொகையை விடுங்க. அந்தக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்னிக்கே டாக்டர் பார்க்கணும். டாக்டர் அங்க இருக்காரா? இல்லன்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. அந்தப் பொண்ணைத் தனியா விடாதீங்க.

மொழிக்கிறுக்கன்:
போன் போட்டீர்களா அம்மா?

கிராமநர்ஸ்:
டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க. கூட்டிட்டுப் போறேன். குழந்தை என் தோள்ல.