ரேடியல் பிரீத்திங் மோடு: ‘ஆர விம்மதிர்வு’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

கார்பன் அணுக்களால் ஆன நுண்குழாயான கார்பன் நானோகுழாயின் இராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறும்போது பதிவாகும் நிறமாலை) 100 முதல் 350 செ.மீ⁻¹ வரை வரும் முகடுகளுக்கு ‘ஆரச் சுவாச முறைமை’ என்று இந்தக் கலைச்சொல் இழையில் முன்மொழிந்திருக்கிறார்கள். ‘முறைமை’யை சிஸ்டத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘சுவாசம்’ அதைவிடச் சிக்கல். 1350 செ.மீ⁻¹ அருகே வரும் ‘டி பட்டை’ என்ற இன்னொரு முகடும் அறுகோண வளையங்கள் விரிந்து சுருங்குவதுதான். அதையும் பிரீத்திங் என்றே சொல்கிறார்கள். இங்கே சுவரிலுள்ள அணுக்கள் அத்தனையும் சேர்ந்தாற்போல் வெளியே தள்ளி, சேர்ந்தாற்போல் உள்ளே வருகின்றன. குழாயே விம்மித் தணிகிறது. ஆகவே ‘ஆர விம்மதிர்வு’.

‘ஆரம்’ (ரேடியஸ்) விடுபடவே கூடாது. இந்த முகட்டைத் தேடுவதே விட்டத்துக்காகத்தான். சிலிக்கான் டை ஆக்சைடு மேல் தனித்துக் கிடக்கும் ஒற்றைச்சுவர்க் குழாய் என்றால், 248-ஐ முகட்டின் அலையெண்ணால் (செ.மீ⁻¹) வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் கிடைக்கும். 200-இல் முகடு இருந்தால் 1.24. குழாய்கள் கற்றையாக இருந்தால் அலையெண்ணில் 10 கழித்துவிட்டு, 234-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

*

இன்னொருவரின் மறுமொழி:

> குழாயே விம்மித் தணிகிறது

இதற்கு என் வாக்கு. ‘விம்மல்’ அழுகையை நினைவூட்டுமே என்ற தயக்கம் வேண்டாம். வினைத்தொகையில் அந்தப் பொருள் ஒட்டாது. இலங்கையில் ‘ஆரை’ என்பதால் ‘ஆரை விம்மதிர்வு’ம் பதிவில் இருக்கட்டும்.

விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை சேருங்கள். குழாய்க்கு அடியில் இருக்கும் சிலிக்கான் வேஃபருக்கே 303 அருகே ஒரு சிறு முகடு உண்டு. அதைப் பிடித்து வகுத்தால் 0.82 நானோமீட்டரில் இல்லாத குழாய் ஒன்று முளைத்துவிடும். சிலிக்கானின் 520.5 கோட்டில் கருவியைச் சரிசெய்த கையோடு, வேஃபரில் குழாய் இல்லாத பகுதியிலும் அதே லேசரால் ஒரு நிறமாலை எடுத்து ஒப்பிட வேண்டும்.

இந்த முகடு தெரிய ரெசனன்ஸ் வேண்டும். அதற்கு ‘ஒத்ததிர்வு’ என்று எழுதினால் ‘ஒத்ததிர்வு விம்மதிர்வு’ என நாக்கு இடறும். இலங்கைப் பாடநூல்களின் ‘பரிவு’ இங்கே அழகாகப் பொருந்துகிறது. 633 நானோமீட்டர் லேசரின் ஆற்றல் 1.96 எலக்ட்ரான் வோல்ட். குழாயின் ஒளியியல் தாவல் ஆற்றல் (ஒளியை ஏற்று எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவ வேண்டிய ஆற்றல்) அதை ஒட்டி இருந்தால்தான் முகடு எழும்பும். முகடு இல்லை என்பதற்காக அந்த விட்டத்தில் குழாயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 532, 785 லேசர்களிலும் பார்க்க வேண்டும். ‘பரிவு இருந்தால்தான் விம்மதிர்வு தெரியும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.