கூடுதல் விலை இருக்கையில் நாம் வாங்குவது காட்சியா, சொகுசா?

உப்பளம் வாசகர்:
புதுச்சேரியில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் திரையரங்கில் கடைசி வரிசையைச் சாய்ந்து கால் நீட்டிக்கொள்ளும் ரிக்ளைனர்களாக மாற்றி, மற்ற இருக்கைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை வைத்திருக்கிறார்கள். அடுத்த ஐபிஎல் ஆட்டத்துக்குப் பெற்றோரைச் சேப்பாக்கம் அழைத்துச் செல்லும் எண்ணமும் உண்டு. விலை கூடினால் காட்சியும் நன்றாகத் தெரியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
திரையரங்கில் விலைக்கும் காட்சிக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. ஒலியமைப்பைச் சரிசெய்பவர்கள் திரையிலிருந்து அரங்க நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் மைக்கை வைத்துத்தான் பெரும்பாலும் அளவெடுப்பார்கள் என்பதால், அந்தப் பகுதியின் நடு இருக்கைகளில் வசனமும் இசையும் சரியாகச் சேர்ந்து ஒலிக்கும்; கடைசி வரிசையிலோ பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருப்பதால், மழைக் காட்சி வந்தால் வசனத்தை மழை விழுங்கிவிடும். தரை, பெஞ்சு, சேர் என்று திரையிலிருந்து விலக விலகக் கட்டணம் ஏறிய டூரிங் டாக்கீஸ் கணக்கை இன்னும் யாரும் கைவிடவில்லை போலும்.

லாஸ்பேட்டை வாசகர்:
கிரிக்கெட்டில் நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதே முக்கியம். ஆடுகளம் பொதுவாக வடக்கு தெற்காக அமைவதால், அந்த இரு முனைகளில் பந்துவீச்சாளருக்கு நேர்பின்னே அமர்ந்தால் பந்து திரும்புவது தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் அமர்ந்தால் பந்தின் லெங்த்தும், அதாவது பந்து எவ்வளவு தொலைவில் குத்துகிறது என்பதும், ரன் அவுட்டும் தெரியும். சுழலுக்குப் பெயர்போன சேப்பாக்கத்தில் நான் முனைப்பக்கத்தையே தேர்ந்தெடுப்பேன். பிற்பகல் 3.30 மணி ஆட்டமென்றால் கிழக்குப் பக்கம் வேண்டாம், மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்ட ஏசி பாக்ஸில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்காது. அதற்கு வீட்டிலேயே டிவி பார்க்கலாம். ஐபிஎல் டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகிவிட்டதால், அடிப்படை விலை ஆயிரம் ரூபாய் கூடினால் உங்கள் கையிலிருந்து 1,400 ரூபாய் போகும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:
மேலே இருவரும் அப்பாவின் முழங்காலை மறந்துவிட்டார்கள். மூன்று மணி நேரப் படத்தில் காலை மடக்கியே உட்கார முடியாதவருக்கு, ஒலி சற்றுக் குறைவாக அமைந்தாலும் ரிக்ளைனர்தான் சரி. எழும்போது மட்டும் கால்பலகை முழுவதும் மடங்கும்வரை பொத்தானை அழுத்திக் காத்திருக்கச் சொல்லுங்கள். மைதானத்தில் மெத்தையைவிடப் படிகளே பெரிய சிக்கல். ஆகவே மேல்தளத்தைத் தவிர்த்து, கழிப்பறைக்குப் போய்வர வசதியாக நடைவழி ஓர இருக்கை கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.