கோடியக்கரையில் மார்கழி நடை: தட்டையான நிலத்தைப் படமெடுப்பது எப்படி?

நெய்தல்நடை:
வணக்கம். மார்கழியில் வேதாரண்யத்தில் தங்கி, கோடியக்கரைப் பக்கம் காலையும் மாலையும் நடந்து படமெடுக்க எண்ணியிருக்கிறேன். என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவும் எடை குறைந்த ட்ரைபாட் ஒன்றும் உள்ளன. மலைப்பகுதியில் எங்கே நின்றாலும் கண்ணுக்கு ஒரு பிடிப்புக் கிடைத்துவிடும். இங்கோ கடல், சதுப்பு, உப்பளம் எல்லாம் ஒரே மட்டத்தில் கிடப்பதால், நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை மேலே வானம், கீழே தண்ணீர் என இரண்டு பட்டைகளாகவே நின்றுவிடுகின்றன. இந்த நிலத்தின் இயல்பு படத்தில் தெரிய எந்த நேரத்தில், எங்கே நிற்க வேண்டும்? பூநாரைகளுக்காக (ஃபிளமிங்கோ) தொலைவை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுப்பது அவசியமா?

உப்புக்காற்று:
வணக்கம் நண்பரே. வடக்கிலிருந்து இறங்கி வரும் கரை கோடியக்கரையில் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதித்து, மேற்கிலும் அதே அளவு தெற்கே தள்ளி மறைவதால், தெற்குக் கரையில் நிற்பவருக்கு உதயம், மறைவு இரண்டுமே கடல்மேல் கிடைக்கும். ஆனால் நம் பகுதியில் சூரியன் விறுவிறுவென மேலேறிவிடும். பக்கவாட்டில் விழும் பொன்னிற ஒளி அரை மணி நேரத்துக்குமேல் நிற்காது. ஆகவே இருட்டு பிரியுமுன்பே இடத்தைத் தேர்ந்து, ட்ரைபாடை ஊன்றிவிட வேண்டும்.

தட்டையான நிலத்தில் படத்தைத் தாங்குவது காலடி மண்தான் என்பது என் உறுதியான கருத்து. அலை பின்வாங்கிய மணலில் வரிவரியாகப் படிந்த நெளிவுகளையும், சிறு நண்டுகள் வளையைச் சுற்றி உருட்டிப் போட்ட மிளகளவு மணல் உருண்டைகளையும் தாழ்ந்த வெயில் பக்கத்திலிருந்து தொடும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் முளைக்கும். அந்த நிழல்களே படத்துக்கு ஆழம் தருகின்றன. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். உங்கள் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, ஒளி நுழையும் துளையை எஃப் 11 என்ற சிறிய அளவுக்கு ஆக்கி, ஒன்றரை மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். அடிவானத்தைச் சட்டத்தின் நடுவில் வைக்க வேண்டாம். எது பேசுகிறதோ, வானமோ மண்ணோ, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள்.

நெய்தல்நடை:
மிக்க நன்றி ஐயா. வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் காலம் என்பதால் சில நாள் மேகமூட்டமாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நாளில் என்ன எடுக்கலாம்?

வலசைவழி:
மேகமூட்டம் இருந்தால் உள்ளே காட்டுக்குப் போங்கள். அங்கே இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. வெயில் நாளில் இலைகளில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும் ஒளி, மூடிய வானத்தின்கீழ் சீராகப் பரவி, அடிமரத்தின் நிறம்கூடத் தெளிவாகப் பதியும். உப்பு விளைவிப்பது கோடைத் தொழில் என்பதால் மழைக்காலத்தில் பாத்திகளில் தண்ணீர் நிற்கும். காற்று ஓய்ந்த காலையில் அவை மேகத்தை அப்படியே பிரதிபலிக்கும். கோடையில் போனால் வேறு சிக்கல்: கேமராவின் ஒளிமானி எதையும் நடுச் சாம்பலாகக் கணிப்பதால் வெள்ளை உப்புக் குவியல் மங்கிப் பதியும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) கூட்ட வேண்டும். கரிய ஆண் வெளிமான் சட்டத்தை நிறைக்கும்போது அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

நீண்ட லென்ஸ் அவசியமில்லை என்பேன். பூநாரைக் கூட்டத்தைத் தொலைவில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாக வைத்து, முன்னால் சேற்றையும் மேலே வானத்தையும் விட்டு எடுத்தால்தான் அது கோடியக்கரைப் படம். ஒரு பறவையின் அலகை மட்டும் நிறைத்து எடுத்தால் அது எந்த ஊரிலும் எடுத்ததாக இருக்கலாம். இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அலகை நீரில் கவிழ்த்து இரை அரித்துக்கொண்டிருக்கும் பறவைகள் ஒருசேரத் தலையை உயர்த்தி நடக்கத் தொடங்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். பூநாரை நீரில் சில அடிகள் ஓடித்தான் மேலெழ முடியும். நெடுந்தூரம் வந்து இரைதேடும் பறவையைப் படத்துக்காக மீண்டும் மீண்டும் எழுப்புவது பெருங்கொடுமை.

கரையோரவாசி:
மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். கருவியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஈர மணலில் ஊன்றும்போது ட்ரைபாடின் கடைசிக் கணுவை முதலில் முழுதாக நீட்டுங்கள். பூட்டு நீருக்கும் மணலுக்கும் மேலே இருக்கும். அறைக்குத் திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். லென்ஸில் படியும் உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதுகுமிழால் மணலை நீக்கி, பிறகு ஈரம் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குக் காப்பகம், 2002 முதல் ராம்சார் தலம் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்). எனவே நடக்கும் பாதையையும் நேரத்தையும் வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிரோன் எடுத்துச் செல்லும் எண்ணமிருந்தால் அதைக் கைவிடுங்கள்.