தைம் தேன் எடுத்தாயிற்று, வரோவா உண்ணி ஏறிவிட்டது: ராணியைக் கூண்டில் அடைக்கலாமா?

கிரேக்கத்தில் கித்திரா தீவில் தேனீ வளர்க்கிறேன். பத்துத் தேனடைச் சட்டம் கொண்ட லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டிகள், மொத்தம் 14. தைம் என்ற மூலிகைச் செடியின் பூ ஓய்ந்ததும் ஜூலை கடைசியில் தேன் எடுத்துவிட்டோம். இப்போது மலையே காய்ந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 6 அன்று புழு வளரும் அடிப்பெட்டியிலிருந்து அரை கப் தேனீக்களை (சுமார் 300) ஜாடியில் எடுத்து, பொடித்த சர்க்கரை போட்டுக் குலுக்கி, தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி எத்தனை உதிர்கிறது என்று பார்த்தேன். ஒரு பெட்டியில் 13 உண்ணி, அடுத்ததில் 17. வாசல் பலகையில் இறக்கை சுருங்கிய இளம் தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்கின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

உண்ணியைக் கொல்ல முதலில் தைமால் ஜெல் (தைம் எண்ணெயில் உள்ள பொருள்) வைத்தேன். அன்று வெயில் 35 டிகிரி. சாயங்காலத்துக்குள் கூட்டம் முழுக்க வெளியே வந்து பெட்டியின் முகப்பில் தாடிபோலத் தொங்கியது. மறுநாளே எடுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு பெட்டிகளில் மட்டும் ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சொட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து எண்ணினால் பெரிதாக மாற்றமில்லை. மூடிய புழு அறைகளுக்குள் இருக்கும் உண்ணியை அது தொடாது.

மிச்சமிருக்கும் வழி, ராணி முட்டையிடாதபடி 24 நாள் கூண்டில் அடைத்து, புழுவெல்லாம் தேனீயாகி வெளியேறியதும் ஆக்சாலிக் கொடுப்பது. ஆனால் இலையுதிர் காலத்தில் எரிக்கா என்ற புதர்ச்செடி பூக்கும். அதற்கும் குளிர்காலத்துக்கும் இளம் தேனீ வேண்டும்.

இதே மாதிரி வெயிலில் ஆகஸ்டில் ராணியை அடைத்தவர்கள் சொல்லுங்கள்: இப்போதே அடைக்கலாமா, செப்டம்பரில் சூடு தணிந்ததும் தைமாலை மறுபடி வைப்பது நல்லதா?