ராத்திரி மூன்று மணிப் பசி

நைட் டியூட்டி அனுபவங்களை ஒவ்வொருவரும் எழுதுவதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பத்து நாளாவது நைட் வரும். காலையில் வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும்போது மணி பத்து. கேஸ்காரர், காலிங் பெல், போன் எல்லாம் போக நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பசி வரும். எட்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் கிளம்பியிருப்பேன், ஆனாலும் வரும். பையில் வாழைப்பழம் இருந்தாலும் மனசு அதன் மேல் போகாது. மிக்சர் வேண்டும், ரஸ்க் வேண்டும், சர்க்கரை தூக்கலாக டீ வேண்டும். நான்கு வருடத்தில் பதினாலு கிலோ ஏறிவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்ற, உன் வாயைக் கட்ட முடியலையா?" என்று அம்மா கேட்ட அன்று குளியலறையில் போய் அழுதேன். அவர் கேட்டதில் தப்பில்லை என்றுதான் நானும் நம்பினேன்.

போன வருடம் ஒரு நைட்டில் எங்கள் டாக்டர்தான் ஈவ் வான் காட்டர் என்ற ஆராய்ச்சியாளரைப் பற்றிச் சொன்னார். பெல்ஜியத்தில் படித்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் தூக்கத்தையும் ஹார்மோன்களையும் ஆராய்ந்தவர். 2004இல் அவருடைய குழு 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரமும், இன்னொரு தடவை இரண்டு இரவு 10 மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தது. தூக்கம் குறைந்தபோது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. அவர்களுக்கு எதன் மேல் ஆசை கூடியது தெரியுமா? இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவுப் பண்டம். என்னுடைய மிக்சரும் ரஸ்க்கும்தான்!

அதற்கு முன்பே, 1999இல், 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டிருக்கிறார்கள். ஆறே இரவில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோனது. சாயங்காலம் தணிய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் சரியாகத் தணியவில்லை.

அவர்கள் ராத்திரியில் தூங்கிய ஆண்கள், நான் பகலில் படுக்கிற பெண். எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று உடம்புக்குள்ளேயே ஓடுகிற கடிகாரம் ஒன்று உண்டு; அந்த உடல் கடிகாரத்துக்கு எதிராகப் படுப்பது எனக்குக் கூடுதல் சுமை. அதனால் அந்த எண்களை அப்படியே எனக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் அந்தப் பசி என் பேராசை இல்லை என்று தெரிந்த அன்றுதான் என்மேல் எனக்கு இருந்த வெறுப்பு போனது. அம்மாவிடமும் உட்கார்ந்து விளக்கினேன். இப்போது பள்ளி வேனில் ஏற்றிவிடுவது அம்மாவின் வேலை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டாயிற்று. ஆறு மணி நேரம் தூங்குகிறேன். எடை மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது, ஆனால் மூன்று மணிப் பசி முன்பு போல ஆளை உலுக்குவதில்லை.

---

அக்கா, உங்கள் நைட் டியூட்டி கதையைப் படித்தேன். நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன். நீங்கள் சொன்ன உடல் கடிகார ஆராய்ச்சியில் எங்கள் ஊருக்கும் ஒரு பெரிய பெயர் உண்டு: பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். கடிகாரமும் சூரிய வெளிச்சமும் வெளியுலகத் தொடர்பும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுற்று, தூக்க-விழிப்புச் சுற்றோடு பிணைந்திருக்கவில்லை என்று அவர் குழு 1991இல் எழுதியது.

அவர்களுடைய வௌவால் ஆய்வுதான் என் மனசை விட்டுப் போகாதது. இருட்டுக் குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால்கூட, சுற்றியுள்ள கூட்டம் தினமும் பறந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தவரை நேரம் தவறவில்லை. தனியாக விட்டால் அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. கூட இருப்பவர்களின் நடமாட்டமே அதற்குக் கடிகாரம்!

அதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. இரவு பஸ் ஓட்டுநர். பகலில் அவர் படுத்திருந்த அறைக்கு வெளியேதான் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். பந்து கதவில் படும். ஒரு நாளும் திட்டியதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.